டுரியான் மரத்தடியில் தங்கையின் முகூர்த்தம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆனி மாதம். ஈப்போ பக்கம் தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி உள்ளே போனால் பழைய ரப்பர் தோட்டம் ஒன்று துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும். அதில் மூன்று ஏக்கர் எங்கள் அப்பாவுடையது. பதினாறு மாடுகள், ஒரு கொட்டகை, ஓரமாக வாழை, நடுவில் ஐந்து டுரியான் மரங்கள். என் தங்கையின் கல்யாணம் அங்கேதான் நடந்தது. முன்னால் நின்று நடத்தியவள் நான். கெடுக்கப் பார்த்தவளும் நான்தான்.

தங்கைக்கு மண்டபக் கல்யாணமே பிடிக்காது. "வாடகைப் பூ, வாடகை மேடை, சாப்பிட்டு முடிக்கங்குள்ள அடுத்த கல்யாணத்துக்காரன் வந்து நிப்பான். எனக்கு நம்ம கெபுன்ல வேணும்கா, எல்லாத்தையும் நாமளே கையால செய்யலாம்" என்றாள். அந்த நிலத்தைத்தான் நாங்கள் கெபுன் என்போம். அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. அவள் கேட்டது அது ஒன்றுதான். செய்து கொடுத்தே தீருவது என்று நானும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நான் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீட்டிலும் அதே அதிகாரம்தான். "வாசல்ல பஞ்ச் கார்டு மிஷின் மட்டும்தான் இல்ல" என்பார் என் வீட்டுக்காரர்.

மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவில் இருக்கும் யாழ்ப்பாணத் தமிழர்கள். மாப்பிள்ளையின் அம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. "மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்திலயோ கலியாணம்?" என்று கேட்டார். ஒரு குறையும் வராது, எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அரை மனதாகத்தான் சம்மதித்தார்.

நான்கு மாதம், ஒரு சனி ஞாயிறு விடாமல் வேலை. ஆற்றோரத்து மூங்கிலை வெட்டிப் பந்தல் கால் நட்டோம். மேலே வெள்ளைத் துணி. அந்தக் காலத்தில் ரப்பர் பால் பிடித்த மங்குகள் கொட்டகை மூலையில் குவிந்து கிடந்தன. தேய்த்துக் கழுவி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டால் விளக்காகிவிடும் என்று எடுத்து வைத்தோம். அழைப்பிதழ்கூடக் கையெழுத்துதான். எனக்கு விரல் வீங்கிவிட்டது.

பந்தலுக்கு நான் பிடித்த இடம் டுரியான் மரத்தடி. அங்கேதான் தரை சமம், நிழலும் உண்டு. ஆடிக்கு முன் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று ஆனியில் நாள் குறித்திருந்தார்கள். பலாப்பழம் போல முள்ளும் கனமுமான டுரியான் ஆனியில் பழுத்துத் தானாக விழும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள்: டுரியானுக்குக் கண் உண்டு, மனிதர் தலையில் விழவே விழாது. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்ததை நானும் அப்படியே நம்பினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் டுரியான் தோப்பு வைத்திருப்பவர் ஒரு சீனப் பெண்மணி. அசோ என்று கூப்பிடுவோம். ஐம்பது வயதிருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் என்பதால் தமிழ் சரளமாக வரும். பந்தல் கால் நடும்போது எட்டிப் பார்த்து, "இங்கயா?" என்று கேட்டார். "டுரியானுக்குக் கண்ணு இருக்குலா அசோ" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. ஞாயிறு மத்தியானம். மணப்பலகை உயரம் சரியா என்று பார்க்கத் தங்கையை உட்கார வைத்தேன். போன் அடித்தது. எடுக்க எழுந்து நான்கு எட்டு வைத்திருப்பாள். மேலே துணி 'சர்ர்' என்று கிழிந்தது. 'தொம்' என்று ஒரு சத்தம். அவள் உட்கார்ந்திருந்த பலகை இரண்டாகப் பிளந்து, பக்கத்தில் ஒரு டுரியான் வாய் பிளந்து கிடந்தது. ஐயோ என்று நான் போட்ட கூச்சலில் மாடுகளெல்லாம் மிரண்டுவிட்டன.

தங்கை முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள். "மண்டபத்துக்கே போயிடலாம்கா" என்றாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. "மாப்ள வீட்டுக்கு மூச்சு விடாத" என்று அவள் வாயை அடைத்துவிட்டு, ஏணி போட்டு ஏறி, கிழிசலைத் தென்னங்குருத்துத் தோரணத்தால் மறைக்கப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தவள் தோற்றுப் போகக் கூடாதே! புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

ஏணியில் நிற்கும்போதே அசோ வந்துவிட்டார், என் கூச்சல் அவருக்குக் கேட்டிருக்கிறது. பலகையைப் பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார். சட்டைக் காலரை விலக்கித் தோளைக் காட்டினார். கழுத்தடியிலிருந்து கை வரைக்கும் நீளமான தழும்பு.

"கண்ணு இருந்தா என்னை ஏன் பாக்கல?"

நான் ஏணியிலிருந்து இறங்கினேன்.

"பழுத்தத எல்லாம் தட்டி எறக்கிருவேன். மிச்சத்த ஒன்னொன்னா கிளையோட கட்டிருவேன். அது கழண்டாலும் கயித்துல தொங்கும், கீழ வராது. பந்தல் மேல வலையும் போட்டுருவோம். ஆனா நீ மாப்ள வீட்டுக்கு சொல்லணும். மறைச்சு வச்சா நான் கட்டமாட்டேன்லா" என்றார்.

போனை எடுத்தேன். டுரியான் விழுந்ததை மட்டுமில்லாமல், மறைக்கப் பார்த்ததையும் சேர்த்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் கொட்டிவிட்டேன். அவர், "நாளைக்கு வந்து பார்க்கிறன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். தீர்ந்தது கதை என்று நினைத்தேன். தங்கை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கார் வந்தது. மழையுமில்லை, வெயிலுமில்லை. மாப்பிள்ளையின் அம்மா குடையை விரித்துப் பிடித்துக்கொண்டே இறங்கினார்! அந்தக் கலவரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரத்தின் மேலே அசோ, இடுப்பில் கயிறு, பல்லில் ரோஸ் நிற ராஃபியா கயிறு. ஒவ்வொரு காம்பையும் கிளையோடு சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தம்மா அவரைக் கீழே இறங்கச் சொல்லி, பரீட்சைத் தாள் திருத்துவது போல ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்படிக் கட்டுகிறாய், எத்தனை சுற்று, வலை எவ்வளவு தாங்கும். அசோவும் பொறுமையாகப் பதில் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு குடையை மடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, ஒளிச்சிருந்தீர் எண்டால் மண்டபத்துக்குத்தான் போயிருப்பம். சொல்லிப் போட்டீர். எனக்கு முன் வரிசையில ஒரு கதிரை போட்டு வையும்."

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த தங்கை என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அசோவும் அவர் ஆட்கள் இரண்டு பேரும் மூன்று நாள் மரத்தில் இருந்தார்கள். தட்டி இறக்கிய பழங்களைப் பந்தலடியிலேயே பிளந்து தின்றோம். மாப்பிள்ளையின் அம்மாகூட இரண்டு பழத்தைக் காரில் ஏற்றிக்கொண்டுதான் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, விரல் வீங்க எழுதிய அத்தனை அழைப்பிதழில் அசோவுக்கு ஒன்றுகூட இல்லை. ஓடிப் போய் ஒன்று எழுதிக் கொண்டுவந்தேன். அசோ கையைக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இவ்வளவு நாள் கழித்தா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கல்யாணத்தன்று மங்கு விளக்குகள் வரிசையாக எரிந்தன. மரம் முழுக்க ரோஸ் கயிறு. வந்தவர்கள் அதையும் அலங்காரம் என்றே நினைத்துப் படம் எடுத்தார்கள். கெட்டி மேளம் முழங்கி, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம், மேலே 'டப்' என்று ஒரு சத்தம். பெரிய பழம் ஒன்று காம்பு விட்டுக் கழன்று, கயிற்றில் தொங்கி ஆடியது. கூட்டமே அலறியது. என் உயிர் என்னிடம் இல்லை.

முன் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா, பக்கத்தில் அசோ. அந்தம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை. மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, வகுப்பறையில் திரும்புவது போலப் பின்னால் திரும்பி, "சத்தம் போடாதேங்கோ, அது கட்டித்தான் இருக்கு" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாகத் தங்கை கழுத்தில் தாலி ஏறியது.

இன்றைக்கும் வேலையிலோ வீட்டிலோ தப்பு ஒன்று செய்துவிட்டு மூடி மறைக்கத் தோன்றும்போதெல்லாம், நான் உண்மையைச் சொன்ன ஒரே காரணத்துக்காக அந்த மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்தம்மாவின் முகம் எனக்கு ஞாபகம் வரும். உடனே போனை எடுத்து, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.