‘ஏரிக்கரை எக்ஸ்பிரஸ்’ படத்தில் சகாயமேரியின் குரல்

ஓடிய படத்தை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். எனக்கு ஊத்திக்கொண்ட படங்கள்தான் உயிர். கங்காதரனுக்குக் கிறுக்கு என்று கள்ளிக்குப்பத்தில் பேச்சு, பேசட்டும். பெட்டிக்குள் போன படங்களைத் தேடிப்பிடித்து டிவிடி போடும் சின்னக் கம்பெனி ஒன்று உண்டு. போன மாதம் அவர்கள் பட்டியலில் ‘ஏரிக்கரை எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. நாலே நாள் ஓடிய படம். எதிர்வீட்டு எட்மண்ட் அண்ணனின் மனைவி சகாயமேரி அதில்தான் நடித்திருந்தார்.

அண்ணன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போன சகாயமேரிக்கு நர்ஸ் உடுப்பு மாட்டி நாலு வசனம் பேசவைத்தார்களாம். படம் வந்த மறுவருஷம் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். மகள் ஹெலினாவுக்கு அப்போது எட்டு மாதம். நான் இங்கே குடிவந்தது அதற்கெல்லாம் பிறகு.

வீட்டில் அம்மாவின் போட்டோ இருக்கிறது, குரல் இல்லை. ஹெலினா அழும்போதெல்லாம், “உங்கம்மா சினிமால பேசிக்கீறா, ஒரு நாள் கேக்கலாம்” என்று சொல்லியே அண்ணன் வளர்த்தார். அவளுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. அந்த ஒரு நாளை அவள் மறக்கவே இல்லை.

டிவிடியை நேராக ஹெலினாவிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மூவரும் உட்கார்ந்தோம். “இன்னாத்துக்குப்பா இதெல்லாம்?” என்றார் அண்ணன். முகம் வெளிறியிருந்தது. பழைய நினைப்பு என்று நான் விட்டுவிட்டேன்.

முக்கால் படம் போனபின் நர்ஸ் வந்தார். “பயப்படாதீங்க, டாக்டர் வந்துட்டிருக்கார்.” மெல்லிய, இனிமையான குரல். ஹெலினா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள்.

“அப்பா, அம்மா இப்டித்தான் பேசுவாங்களா?”

“ஆமாம்மா” என்றார், டிவியைப் பார்த்தபடியே.

சாயங்காலம் என்னை டீக்கடைக்கு இழுத்துப்போனார். “அது மேரி கொரலு இல்ல நைனா. டப்பிங். யாரோ ஒரு பொம்பள. தியேட்டர்ல கேட்டுட்டு ஊடு வர்ற வரிக்கும் மேரி அழுதுகினே வந்தா.”

“அப்புறம் ஏண்ணே ஹெலினாகிட்ட அப்படிச் சொன்னீங்க?”

“புள்ள அழுதுச்சே. நாலு நாள்ல தூக்குன படம், திரும்பி வரவா போவுதுன்னு சொல்லிட்டேன். உன்ன மாதிரி ஒருத்தன் கெளம்புவான்னு எனக்கு இன்னா தெரியும்?”

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. சில்லறை வேஷங்களுக்கெல்லாம் இரண்டு பெண்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? நூறு படம் பார்த்த மேதாவிக்கு அன்று அது உறைக்கவில்லை. நானே ஹெலினாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாணாம்ப்பா. அதுக்குக் கெடச்சதே அது ஒண்ணுதான். அத்தப் போயி எப்டிப் புடுங்குவ?”

ஹெலினாவிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை இல்லை.

ஹெலினா அந்த நாலு வசனத்தையும் போனில் ஏற்றிவிட்டாள். தினமும் ஜெபம் முடிந்ததும் போட்டோ முன்னால் போடுகிறாள். அண்ணனும் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். நேற்று பாதியிலேயே வாசலுக்கு வந்துவிட்டார். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“இத்தினி வருசமும் மேரி கொரலு என் காதுலயேதான் இருந்துச்சு. இப்ப அவள நெனச்சா இந்தப் பொம்பளதான்பா பேசுறா. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு.”