கண்ட்ரோல் வரிசை

நேற்றுப் பக்கத்து வீட்டில் சாளை மீன் கழுவினார்கள். அந்த வாடை ஜன்னல் வழியாக வந்ததும் என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பல வருஷம் பின்னால், இலங்கை மலையகத்து வட்டகொடைக்குப் போய்விட்டேன்.

பட்டம் வாங்கிய கையோடு தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்திருந்த காலம் அது. என்ன வேலை என்று அம்மா கேட்டபோது, "செடி வயித்துக்குள்ள நடக்குற சமையல மாத்துறோம்மா" என்றேன். உண்மையில் அவ்வளவுதான். வெயில் காலத்தில் தாக்குப்பிடிக்கத் தேயிலை தனக்குள்ளேயே சில சத்துகளைச் சமைத்துக்கொள்ளும். ஒரு கரைசலைத் தெளித்தால் இன்னும் கூடுதலாகச் சமைக்குமா என்று பார்க்க வேண்டும். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியே வீட்டுச் சமையலையும் கத்துக்க" என்றார்.

வட்டகொடைக்கு மேலே ஒரு சரிவில் மூன்று வரிசைகளுக்குத் தெளித்தோம். நான்காவதற்கு எதுவும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சும்மா இருக்க வேண்டுமே, அதற்குப் பெயர் கண்ட்ரோல். செடிகளைப் பார்த்துக்கொள்ள, கொழுந்து எடுக்கும் ராசாத்தி அக்காவைத் தோட்ட நிர்வாகம் அமர்த்தியிருந்தது. "இது கண்ட்ரோல்க்கா, ஒண்ணும் குடுக்கக் கூடாது" என்று பெரிய விஞ்ஞானி மாதிரி சொல்லிவிட்டு, வாரத்துக்கு ஒரு நாள் வந்து எட்டிப் பார்ப்பேன்.

இரண்டு மாதம் மழையில்லை. தெளித்த வரிசைகள் வாடிப்போயின. கண்ட்ரோல் வரிசை மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்ததுபோலத் தளதளவென்று நின்றது. எங்கள் அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று அடுத்த மாதம் முடிவு செய்யப்போகிறவரும் அவர்தான். காரணத்தைக் கண்டுபிடி என்று சொல்லிவிட்டுப் போனார். குனிந்து மண்ணை முகர்ந்தேன். சாளை வாடை.

"அக்கா, இதுக்கு என்ன ஊத்துனீங்க?"

"மீன் கழுவுன தண்ணி, அரிசி களஞ்ச தண்ணி. வேறென்ன இருக்கு எங்கிட்ட?"

"கண்ட்ரோல்னு சொன்னேனேக்கா."

"எங்க வீட்டுக்காரருக்கும் டாக்டரு அதத்தான் சொன்னாரு. சீனி கண்ட்ரோல், உப்பு கண்ட்ரோல்னு. கடைசியா சீனி போட்டு ஒரு வாய் பிளேன்டி கேட்டாரு தம்பி. நான் குடுக்கல." பக்கத்துச் செடியைத் தடவினார். "இதையும் அப்படிப் பாத்துக்கிட்டு நிக்க முடியல."

சண்டை போடத்தான் போயிருந்தேன். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

அவர் பெயரைச் சொன்னால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அதிகாரியிடம், நான்தான் தெரியாமல் உரம் போட்டுவிட்டேன் என்றேன். சோதனை குப்பைக்குப் போனது, கூடவே நானும்.

கடைசி நாள் பெட்டியோடு நின்ற என்னைப் பார்த்து, "வேற நல்ல வேல கெடச்சிருச்சா தம்பி?" என்றார் அக்கா. ஆமாம் என்று சொல்லிவைத்தேன். மாலைக்குள் தொழிலாளர் வீடுகள் இருந்த லயம் முழுக்க நான் கொழும்பில் பெரிய ஆபீசர். அந்தச் செய்தி எப்படியோ அம்மாவுக்கும் எட்டி, அவரே ஃபோனில் வாழ்த்துச் சொன்னார்.

அந்தச் சரிவில் இப்போது சுற்றுலா விடுதி. தேயிலை நின்ற இடத்தில் வேன்கள் நிற்கின்றன. ராசாத்தி அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். "நம்ம தோட்டத்துக்கு வந்தப்புறந்தான் அந்தத் தம்பிக்கு நல்ல காலம் பொறந்துச்சு" என்று கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவரிடம் உண்மையைச் சொல்லாமல் விட்டதுதான் அங்கே நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை.