தப்புக்கு ஒரு பருப்பு

அத்தை பிரெஞ்சு படித்த வருடம் எனக்கு எட்டு வயது. அத்தை என்றால் நைனாவின் தங்கை. மாமா பாண்டிச்சேரிக்காரர், கல்யாணம் முடிந்த கையோடு வேலைக்காகப் பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டார். அத்தையும் அங்கே போக வேண்டுமானால் முதலில் ஒரு பிரெஞ்சுத் தேர்வில் தேற வேண்டும். அதனால் வாரம் இரண்டு நாள் செஞ்சியிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறி டியூஷன் போய்வந்தாள். மற்ற நாட்களில் நான்தான் வாத்தியார்.

விதைப்புக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்கும் மாதம் அது. வாசலில் உட்கார்ந்தால் கோட்டைக் குரங்குகள் வந்துவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உரிப்போம். நோட்டு என் மடியில் இருக்கும். அதில் அத்தை உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். ‘பார்லே’ என்றால் பேசுவது. அதன் வாலை நறுக்கிவிட்டு, நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆளுக்கொரு வால் ஒட்ட வேண்டும். ஒன்று வந்துவிட்டால் பாடுவது, ஆடுவது, நடப்பது எல்லாம் அதே வழியில் வந்துவிடுமாம். அத்தைக்குத்தான் வரவில்லை.

விதைப் பருப்பில் ஒன்றை வாயில் போட்டாலும் நைனா தோலை உரித்துவிடுவார். ஆனால் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. அத்தை ஒரு தப்பு சொன்னால் எனக்கு ஒரு பருப்பு.

“ழெ பார்ல், தூ பார்ல், இல் பார்ல், நூ பார்லே...”

“தப்பு. நூ பார்லோன்.”

“ஆமாண்டி. இந்தா.”

சில நாள் ஒரு கைப்பிடிகூடத் தேறும். விதை குறைகிறதே என்று நைனா கேட்டால், “ஒரு குரங்கு வந்து வந்து போவுது அண்ணா” என்பாள். இவ்வளவு நல்ல அத்தை இப்படி மக்காக இருக்கிறாளே என்று எனக்கு வருத்தம்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் நைனா என்னைக் கூப்பிட்டார். “இன்னா, அத்தை நல்லா படிக்குதா?”

வாத்தியார் பொய் சொல்லலாமா? தினமும் பத்துப் பதினைந்து தப்பு என்று சொல்லிவிட்டேன். நைனாவின் முகம் தொங்கிப்போயிற்று. அத்தையைக் கூப்பிட்டார்.

“இந்த தடவ வாணாம்மா. அடுத்த தடவ பாத்துக்கலாம்.”

அடுத்த தடவை என்றால் ஆறு மாதம். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. பருப்பு ஒப்பந்தத்தைச் சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள், என் முதுகு பழுத்திருக்கும். அவள் சொல்லவில்லை.

“நான் எழுதறேன் அண்ணா. பாஸாவலன்னா அப்பறம் நீ சொல்றத கேக்கறேன்” என்றாள். நைனா அரை மனதாக ஒப்புக்கொண்டார்.

தேர்வன்று காலை பஸ் ஸ்டாண்டுக்கு நைனாவோடு நானும் போனேன். அத்தை நோட்டை என் கையில் கொடுத்து, “கேளுடி” என்றாள். பேசுவதைக் கேட்டேன், பாடுவதைக் கேட்டேன், கடைசிப் பக்கம் வரை கேட்டேன். ஆறு வாலும் ஓரிடத்திலும் பிசகவில்லை. நைனா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அத்தை நல்லபடியாகத் தேறி மாமாவிடம் போய்ச் சேர்ந்ததற்கு நான்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பஸ் வந்தது. நைனா துண்டு போட்டுச் சீட் பிடிக்க ஏறிய நேரம் பார்த்து, அத்தை ஒரு கைப்பிடி பருப்பை என் கவுன் பையில் போட்டாள்.

“நீதான் தப்பே சொல்லலியே அத்தை?”

அவள் சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஏறிக்கொண்டாள். ஒரு தப்புகூடச் சொல்லாதவள் எதற்காகப் பருப்பு கொடுத்தாள் என்று யோசித்தபடியே நடந்தேன். வீடு வருவதற்குள் பை காலியாகிவிட்டது. காரணம் பிடிபடவில்லை.