அம்புரோஸ் பறித்த இலை

செந்தூல் ஃபிளாட்டில் அம்புரோஸைத் தெரியாதவர் கிடையாது. ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்த மனுஷன். எல்லைக் காட்டில் கண்ணிவெடி மிதித்தவர்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர். பென்ஷன் வாங்கிய பிறகு, ஞாயிறு பூசை முடிந்ததும் கெப்போங் காட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்ச் செடிகொடி காட்டுவார். "பூவப் பாக்காம பேர் சொல்லாதீங்க," என்று ஆரம்பித்து, போகிற வழியெல்லாம் யுத்தக் கதை. "மருந்தில்லாத காலத்துச் சண்டையில, அடிபட்ட கால அன்னைக்கே வெட்டி எடுத்தவன் பொழைச்சான். நாளைக்குப் பாப்போம்னவன் போய்ட்டான்," என்பார்.

ஊருக்குச் சொல்ல வாய் நன்றாகத்தான் வந்தது. சொந்தப் பெண்டாட்டிக்குக் காலில் சர்க்கரைப் புண் வந்ததும் மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டும் என்றார்கள். கெர்ட்ரூட் பயந்து அழுதாள். அந்த அழுகையைப் பார்க்கச் சகிக்காமல், "நான் பாத்துக்கிறேன் டாக்டர்," என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

மகள் விவியன் கிள்ளானிலிருந்து போனில் கத்தினாள். "டாடி, நீங்க ஆர்மி மெடிக் லா! உங்களுக்கே தெரியாதா?"

"தெரிஞ்சுதான் செய்யறேன். போன வை."

எல்லாம் ஒரே ஓர் இலையை நம்பித்தான். ஒருமுறை காட்டில் மருந்து தீர்ந்துபோக, வழிகாட்டியாக வந்த ஒராங் அஸ்லிப் பழங்குடிக்காரர் செண்டுடுக் இலையை நசுக்கி இவர் கால் புண்ணில் அப்பினார். புண் ஆறிவிட்டது. அப்போது இவருக்கு இளவட்ட வயசு, உடம்பில் சர்க்கரையும் இல்லை. அதை யார் இவருக்கு எடுத்துச் சொல்வது?

செண்டுடுக் எங்கும் மண்டிக் கிடக்கிற செடிதான். ஆனால் சாலையோரத்தில் களைக்கொல்லி அடிக்கிறார்களே! அதனால் ஜெஞ்சாரோம் வரைக்கும் காடியை ஓட்டிக்கொண்டு போய், செம்பனைத் தோட்டத்துக்கு அப்பால் ஒரு புதரைக் கண்டுபிடித்தார். பூ இல்லை. இலையில் நீளவாக்கில் ஓடிய நரம்புகளைப் பார்த்தார், அதுவே போதும் என்று பை நிறையப் பறித்தார். காம்பைத் தடவிப் பார்த்திருந்தால் அதில் சிலிர்த்து நின்ற முடியே காட்டிக் கொடுத்திருக்கும். அவசரக் கைக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகிறது!

தினமும் அரைத்துக் கட்டினார். விரல் கறுத்தது, கறுப்பு மேலே ஏறியது, வீடெல்லாம் வாடை. எத்தனையோ காயங்களில் அவர் முகர்ந்த வாடைதான். ஆனாலும் கீழ்வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

இலை தீர்ந்ததும் மறுபடி ஜெஞ்சாரோம் போனார். புதர் பூத்திருந்தது. செண்டுடுக் என்றால் பூ ஊதாவாக, பெரிதாக இருக்க வேண்டும். இதில் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ. எங்கிருந்தோ வந்து பரவிய வேறு செடி. "ஆண்டவரே!" என்று சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். சரியான இலையாக இருந்தாலும் காப்பாற்றியிருக்காது என்பது அவருக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

வீட்டில் கெர்ட்ரூட் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள்.

"கெர்ட்டி, இலை மாறிப்போச்சு. நாளைக்குச் சரியானதா..."

"நாளைக்கா?" என்றாள் அவள். "ஏங்க, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. வேற வீட்டுப் பொம்பள ஒருத்தி இந்தக் காலோட உங்ககிட்ட வந்தா என்ன சொல்லுவீங்க?"

அம்புரோஸ் தலையைக் குனிந்துகொண்டார். "எடுத்துடச் சொல்லுவேன்."

"எதுவரைக்கும்?"

பதிலுக்கு அவர் கை அவள் காலுக்குப் போயிற்று. விரல்களைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டி, முட்டிக்கு மேலே போய் நின்றது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார்.

கெர்ட்ரூட் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"காடிய எடுங்க," என்றாள். "இன்னும் மேல ஏறதுக்குள்ள."