வயித்துக்கு நல்லதுன்னு குடுத்த போத்தல்

இன்னைக்கு லுணுகலை பஸ்ல பக்கத்து சீட்டு அக்கா ஒரு மருந்துப் போத்தலை நீட்டினாங்க.

"தம்பி, எத்தன மூடி குடுக்கணும்னு பாத்துச் சொல்லுங்க. வீட்டுக்காரருக்கு மூணு நாளா வயித்தால போகுது. வயித்துக்கு நல்லதுன்னு தோட்டத்து லயத்துல பக்கத்து வீட்டுல குடுத்தாங்க."

ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் உருது. நான் இங்கிலீஷை வாசிச்சேன். முன் சீட்டு மௌலவி உருதை வாசிச்சாரு. ரெண்டு பேரும் அப்படியே ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

மலச்சிக்கலுக்கு மருந்து!

"குடுத்துட்டீங்களா?"ன்னு கேட்டேன்.

"நேத்து ரெண்டு மூடி. காலையிலயும் ரெண்டு."

மௌலவிதான், "மகளே, ஆளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்க"ன்னாரு. அக்கா அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போன் போட்டாங்க.

லேபிள்ல ரோசாப்பூ படத்துக்கு இடமிருக்கு. தமிழ்ல ஒரு வரிக்கு இல்ல.

உங்க வீட்டுப் போத்தல்ல என்ன பூ இருக்கு?