குடுவைச் செடிக்கு மழைத்தண்ணீர்

மதுரைத் தண்ணீர் என் குடுவைச் செடிக்கு ஆகாது. இலை நுனியில் குடுவை தொங்கும்; ஈயும் எறும்பும் அதில் வழுக்கி விழுந்தால் செடிக்குச் சாப்பாடு. திருநகரில் எங்கள் வீட்டுக் கிணறு ஒரே உப்பு. அதை ஊற்றினால் இலை கருகும். அதனால் மொட்டைமாடி மழையை ஒரு டிரம்மில் பிடித்துவைத்து அதற்கென்று ஊற்றுவேன்.

குன்னூர்க்காரர் ஒருவர் தபாலில் அனுப்பிய செடி அது. அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எங்களைப்போல் பூச்சி தின்னும் செடி வளர்க்கிற பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் கடிதத்திலேயே பழகியிருந்தோம். கிளையை வெட்டி, ஈர நாரில் சுற்றி, மல்லிகைப்பூவைப் பொதிகிற மாதிரி வாழைமட்டையில் பொதிந்து, மேலே துணி தைத்து பார்சல் அனுப்புவோம். காசு வாங்குவது கிடையாது. என் நிபந்தனை இரண்டுதான்: மழைத்தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், எரு போடவே கூடாது.

உசிலம்பட்டியில் பிண்ணாக்குக் கடை வைத்திருந்த ஒருவர் கேள்விப்பட்டு நேரிலேயே வந்து கிளை வாங்கிப்போனார். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றிக் கொன்றார். இன்னொன்று கொடுத்தேன். ஆட்டுப்புழுக்கை போட்டு அதையும் கொன்றார்.

“ஒரு உசுருக்கு ஒண்ணுமே போடாம எப்படித் தாயி இருக்கது? மனசு கேக்கலையே.”

“மனசு கேக்கலைன்னா கத்திரிக்கா வைங்கண்ணே! இனிமே செடின்னு எங்கிட்ட வராதீங்க” என்று கத்திவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான். அவரும் சளைக்கவில்லை. மதுரைக்குச் சரக்கு எடுக்க வரும்போதெல்லாம் வந்து செடியைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போவார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கோடையில் டிரம்மைத் திறந்தால் அடித்தண்ணீர்தான் கிடக்கிறது. என் மாமியார் மொண்டு மொண்டு துவரம்பருப்பு வேகவைத்திருக்கிறார். உப்புத்தண்ணீரில் பருப்பு வேகாது, வாஸ்தவம்தான். ஆனாலும் எனக்கு வந்த கோபம்!

“ஈயத் திங்கிற செடிக்கு மழைத்தண்ணி, மனுசருக்கு உப்புத்தண்ணியா? நல்லா இருக்குடி உன் நியாயம்” என்றார் அவர்.

குடுவைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. இலை ஓரமும் கருகத் தொடங்கியது. பிண்ணாக்குக் கடை அண்ணன் வந்தவர் இதைப் பார்த்து முகம் சுருங்கிப் போனார். இனி இங்கே பிழைக்காது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. வேரோடு எடுத்து, பொதிந்து, குன்னூருக்கே திருப்பி அனுப்பக் காலையில் தபாலாபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். போய்ச் சேர எத்தனை நாளாகுமோ, அதுவரை உயிர் இருக்குமோ, சாமிக்குத்தான் வெளிச்சம்.

மதியம் வாசலில் அந்த அண்ணன் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் கேன்.

“நேத்துச் சாயங்காலம் எங்க பக்கம் கோடைமழை தாயி. ஓட்டுத் தண்ணி அழுக்கு. அதான் வேட்டிய நாலு கம்புல கட்டிப் பிடிச்சேன். துவைச்ச வேட்டிதான். எனக்குக் கிளையெல்லாம் வேணாம். உன் செடி பொழைக்கட்டும்.”

“இங்கயே இருங்கண்ணே, வாரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

நல்லவேளை, தபால் பையை இன்னும் கட்டவில்லை. திருப்பி வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துப் பார்சலை வாங்கினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசனை. ஒரு கேன் தண்ணீர் எத்தனை நாளைக்குக் காணும்? குன்னூரில் மழைக்கும் குறைவில்லை, செடிக்கும் குறைவில்லை. இந்த அண்ணனோ எங்கே தூறல் விழுந்தாலும் வேட்டியை விரித்துப் பிடித்துவிடுவார். வாசல்படியில் காத்திருந்தவரிடம் பார்சலைப் பிரிக்காமலே நீட்டினேன்.

“வேரோட இருக்கு. கொண்டுபோங்கண்ணே. கேனையும் எடுத்துக்கங்க.”

அவர் கையை நீட்டவில்லை. “ரெண்டக் கொன்னவன் தாயி நான்.”

“தெரியும். பிடிங்க.”

வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். உசிலம்பட்டிக்கு அவர் மாறிப்போகிற திருமங்கலம் பஸ் வரும்வரை கூடவே நின்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, தூங்குகிற பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல் பார்சலை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் கிளம்பியதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நடுரோட்டில் நின்று அழுதேன்.