மிக்கேல் அண்ணாச்சி கேட்ட கேள்வி

இன்று சாயங்காலம் எங்கள் ரசாயன சங்கத்தின் தூத்துக்குடிக் கிளைக் கூட்டம். நான்தான் காரியதரிசி.

தலைவர் மிக்கேல் அண்ணாச்சிக்குப் போன மாதம் உப்புக் கம்பெனி லேபரட்டரியில் காஸ்டிக் சோடா தெறித்து இரண்டு கண்ணும் போய்விட்டது. உலக யுத்தம் தொடங்கியதிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடி கப்பலில் வருவதே இல்லை.

புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கத்தான் கூடினோம். அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

“என்னலே, பேச்சையே காணோம்? என்ன விஷயமா கூடியிருக்கிய?”

“சும்மாதான் அண்ணாச்சி” என்றேன்.

“பொய் சொல்லாதலே. புதுத் தலைவருக்குத்தான? நானும் கை தூக்கணும்லா, அதான் வந்தேன்.”

உதவித் தலைவர் ஹமீதின் பெயரைச் சொல்லி முதலில் கை தூக்கியதும் அவர்தான்.

ஹமீது அழுதுவிட்டார். “நீங்களே இருங்க அண்ணாச்சி. கண்ணு இல்லாட்டா என்ன?”

“தலைவனா இருந்துருவேம்லே. கரைசல் நிறம் மாறுதத பாக்க முடியாதவன் எப்படிலே கெமிஸ்டா இருக்கது?”

கூட்டக் குறிப்பில் அவர் கேள்வியை அப்படியே எழுதிக்கொண்டேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் எழுதுங்கள். அவர் வீட்டுக்குப் போய் நானே வாசித்துக் காட்டுகிறேன்.